ஆம்பிளைக்கு வீடில்லாத ஊர்

1

போன ஞாயிறு என் மகள் மின்ஹாவைப் பெண் பார்க்க லெஸ்டரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பையன் மருந்துக்கடையில் நல்ல வேலையில் இருக்கிறான். மின்ஹாவுக்கு ஏற்கெனவே பிடித்துப்போன ஆள். அந்த விசயம் எனக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நினைக்கட்டும். பெற்றோர் திருச்சிப் பக்கத்து ஆட்கள். இங்கே வந்து எவ்வளவோ காலமாகியும் அவர்கள் கதையில் திருச்சி கொஞ்சமும் குறையவில்லை.

வட்டிலப்பம் வைத்தேன், இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தேநீர் வரும் வரைக்கும் எல்லாம் சுமுகம். அப்போதுதான் பையனின் தாய் சிரித்த முகத்தோடு சொன்னார்: "கல்யாணம் முடிஞ்சதும் பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்துடட்டும். மாடில ரூம் ரெடியா இருக்கு."

தேநீர்த் தட்டை மேசையில் வைத்துப்போட்டு மின்ஹா நிமிர்ந்தாள். "இல்ல மாமி. எங்கட ஊர்ல மாப்பிளதான் பொண்ட வீட்ட வாற. அந்த ரூம நீங்க வாடகைக்குக் குடுங்க."

பையனின் வாப்பா முதலில் திகைத்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்தப் பொண்ணு எங்கம்மா பொறந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். "இஞ்சதான், லெஸ்டர் ஆஸ்பத்திரியில" என்றேன். "அப்ப இந்தத் தமிழு எங்கேருந்து வந்துச்சு?"

அதைச் சொல்ல ஒரு தேநீர் போதாது. அவர் அடுத்த கேள்விக்குப் போனார். "பொண்ணோட அத்தா எங்க இருக்காரு? நிக்காஹ்வுக்கு அவருதானே ஒப்புக் கொடுக்கணும்?"

"வாப்பா ஊர்ல இரிக்கார்" என்று மின்ஹாவே பதில் சொன்னாள். "நான் கேட்டுச் சொல்றன்."

என் மகளை வைத்து இரண்டு அரசாங்கங்கள் கடிதம் எழுதிக்கொண்ட கதையைக் கல்முனையில் ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்கள். இங்கிலாந்து ராணியே கடிதம் போட்டா என்றும் ஒரு கதை உண்டாம். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. அதனால் கல்யாண வேலை தொடங்குவதற்கு முன்னம் நானே எழுதிவிடுகிறேன்.

2

நம் ஊர் ஆட்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை, தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் கரையோர ஊர்களில் பெண்பிள்ளை பிறந்தால் வாப்பாவின் மண்டைக்குள் அன்றைக்கே ஒரு வீடு எழும்பத் தொடங்கிவிடும். வீடில்லாமல் ஒரு குமர்ப்பிள்ளை கரை சேராது. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுவார். அவர் பிறந்த வீடு அதற்குள் அவருடைய ராத்தாவுக்கோ தங்கச்சிக்கோ போயிருக்கும். பிள்ளைகளுக்குக் குடி என்கிற வம்சப் பெயரும் தாய்வழிதான், பள்ளிவாசலில் யாராவது "நீ என்ன குடி?" என்று கேட்டால் உம்மாவின் குடியைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஆம்பிளைகளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு: பிறக்கிறது உம்மா வீட்டில், வாழ்கிறது பொஞ்சாதி வீட்டில், மௌத்தாகிறது மகள் வீட்டில்.

என் வீடு கல்முனைக்குடியில் கடலிலிருந்து மூன்றாவது வளவு. நாவிதன்வெளிப் பக்கம் இருந்த வயலை விற்றுத்தான் வாப்பா அதைக் கட்டினார். கட்டி முடித்த அடுத்த வருசம் அவர் மௌத்து. அஸ்மி என்னைக் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்தார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் இங்கிலாந்துக்கு வந்துவிட்டோம், உம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா.

சுனாமி இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோனது. உம்மாவும் போனா, வீடும் போனது. எங்கள் விசாப் பத்திரங்கள் அப்போது ஒரு அரசாங்கக் கந்தோரில் கிடந்தன, என் பாஸ்போட்டும் அதோடு. அஸ்மியுடைய பாஸ்போட் மட்டும் கையில் இருந்தது. கைக்குழந்தையோடு நான் இங்கே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன், அவர் போனார். உம்மாவை அவவின் தங்கச்சிமார் வீட்டு ஆட்கள் அதற்குள் அடக்கியிருந்தார்கள். அஸ்மி வெறுங்காலோடு அந்த மணலில் நின்று என்னுடைய வளவு எது என்று தேடியிருக்கிறார். கிணற்றுக்கட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தாராம். அந்த நாட்களில் அவர் எனக்குச் செய்ததை நான் மறக்கமாட்டேன், இதை அவருடைய கணக்கில் முதலில் எழுதிவிடுங்கள்.

கடலோரத்தில் திரும்பக் கட்டவிடவில்லை. உள்ளே வயல் பக்கமாக மண் நிரப்பிய வெட்டையில் சுனாமி வீட்டுத் திட்டம் ஒன்று வந்தது. இரண்டு அறை, ஒரு குசினி. பெயர் எழுத வந்த உத்தியோகத்தர் "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டிருக்கிறார். தலைவர் என்றால் ஆம்பிளைதானே. வீட்டு உறுதிப் பத்திரம் அஸ்மியின் பெயரில் வந்தது. அந்தத் திட்டத்தில் பாதிப் பெண்களின் சீதன வீடு இப்படித்தான் ஒரே கேள்வியில் புருசன்மாரின் பெயருக்குப் போனது. கடல் எடுத்ததைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், இதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

3

அஸ்மி கெட்ட மனிசன் இல்லை. ஆனால் இந்த நாடு அவருக்கு ஒட்டவில்லை. ஊரில் அவர் ஆசிரியர், வீதியில் போனால் பிள்ளைகள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். இங்கே பீஸாப் பெட்டிகளோடு மழையில் திரிந்தார். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே தாதிப் படிப்புப் படித்தேன். மின்ஹாவிடம் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். "என்ட புள்ள எனக்கே வெள்ளக்காரி" என்பார் அஸ்மி. சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் அந்தச் சிரிப்பு வருசத்துக்கு வருசம் வற்றிக்கொண்டே போனது.

இலங்கையில் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்த அன்று எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. எனக்குக் கொண்டாட மனம் வரவில்லை. காரைதீவில் எனக்குப் படிப்பித்த டீச்சரின் மகன் வன்னியில் காணாமல் போனவன், அவ கதவடியில் நிற்கிற மாதிரியே இருந்தது. அஸ்மி மட்டும் பல வருசத்துக்குப் பிறகு நிமிர்ந்து இருந்தார்.

"இனிப் பயமில்ல" என்றார். "பள்ளிக்கூட லீவுக்குப் புள்ளைக்கு ஊரக் காட்டிப் போட்டு வாறன்."

நான்தான் பெட்டி அடுக்கினேன். கடலுக்குப் போட என்று ஒரு மஞ்சள் தொப்பியும் வாங்கி வைத்தேன். மின்ஹாவுக்கு அப்போது ஐந்து வயது.

லீவு முடிந்தது, அவர்கள் வரவில்லை. ஒருநாள் தொலைபேசியில் சொன்னார்: "மின்ஹாவ இஞ்ச பள்ளிக்கூடத்தில சேர்த்திட்டன்."

"என்ன கதை இது?" என்றேன்.

"நீயும் வா. குடும்பமா இரிப்பம். வராட்டி அது உண்ட விருப்பம்."

அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

"ஏன் நீ உடனே ஊருக்குப் போகல்ல?" என்று என்னை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் பிள்ளை கையோடு இருக்கிறவர்கள். நான் போனால் என் பாஸ்போட்டும் அவர் அலுமாரிக்குள் போய்விடும், பிறகு நான் வருவதும் போவதும் அவர் விருப்பம். கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு வா என்றால் அதற்குப் பெயர் கூப்பிடுவது இல்லை. என் பிள்ளையை வாங்கித் திரும்பி வரவேண்டும், வெட்ட வெளிச்சத்தில், முன்வாசலால். அப்படித்தான் முடிவெடுத்தேன்.

4

இங்கத்தைப் பொலிஸ்காரர் எனக்குத் தண்ணீர் கொடுத்து, குடும்ப விசயம் என்றார். தெரிந்தவர்கள் பொறுமையாயிருக்கச் சொன்னார்கள். பொறுமைக்கும் ஒரு எல்லை வேண்டாமா? கடைசியில் ஒரு சட்டத்தரணிதான் சொன்னார், இப்படிப் பிள்ளையைக் கொண்டுபோனால் ஒரு நாடு மற்ற நாட்டிடம் கேட்கலாம், அதற்கு ஒப்பந்தம் உண்டு, இலங்கையும் அதில் கையெழுத்து வைத்திருக்கிறது என்று. நான் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். நம் பக்கத்தில் அரசாங்கம் பிள்ளைகளைக் கொண்டுபோகிறதைத்தான் பார்த்திருக்கிறோம். கேட்டு வாங்கித் தந்து பார்த்ததில்லை.

லண்டனில் அதற்கென்று ஒரு கந்தோர். அங்கே என் கோப்பு ஜேன் என்ற பெண்ணின் கையில் விழுந்தது. முதல் நாள் தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே நான் உடைந்துபோனேன். பிள்ளை இப்போது யாருடைய கஸ்டடியில் என்றார். எங்கள் ஊரில் வளர்ந்த ஆட்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், ஆமி கொண்டுபோய் வைத்திருக்கிற இடம். "அல்லாஹ்வே, அவ சின்னப் புள்ள" என்று கத்தி அழுதேன். ஜேன் என்னை அழவிட்டு, பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டு, "மின்ஹா இன்றைக்கு யாரோடு நித்திரை கொள்கிறாள்?" என்று கேட்டார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. அன்றையிலிருந்து எனக்கு அந்த மனிசியில் ஒரு நம்பிக்கை.

படிவங்களைப் பற்றி எழுதப்போனால் இந்தக் கட்டுரை முடியாது. எல்லாவற்றையும் சுருக்கிச் சொன்னால் அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இந்தப் பிள்ளையின் வழக்கமான வீடு எங்கே? லெஸ்டர், லெஸ்டர், லெஸ்டர் என்று எழுதி எழுதி எனக்குக் கை வலித்தது.

5

கடிதம் லண்டனிலிருந்து கொழும்புக்கு, கொழும்பிலிருந்து கல்முனைக்கு, ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கு, சிங்களத்திலிருந்து தமிழுக்கு. அது போய்ச் சேரும்போது அஸ்மி இடம் மாறியிருப்பார்.

முதலில் சாய்ந்தமருதில் அவருடைய ராத்தா ஜெஸீமா வீட்டில் இருந்தார், என் மதினி. பொலிஸ் போனபோது இல்லை. பிறகு நாவிதன்வெளியில் ஒரு கூட்டாளியின் வீடு. அறுவடை தொடங்கியதும் அவனுக்கு அந்த அறை நெல்லுக்கு வேண்டியதாகிவிட்டது. அடுத்தது கோமாரியில் ஒரு தென்னந்தோட்டம். அங்கேயும் பொலிஸ் போய், ஆளில்லை என்று வந்தது. ஒவ்வொரு தடவையும் "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று ஜேன் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது. எனக்கு மட்டும் ஒவ்வொரு முகவரியோடும் நெஞ்சு தெளிந்துகொண்டு வந்தது.

"ஜேன், அவரத் துரத்த வேணாம்" என்றேன். "அவர் என்ட வீட்டுக்குத்தான் வருவார். அங்க பாத்துக்கொண்டிருந்தாப் போதும்."

"எந்த வீடு?"

"கல்முனையில என்ட சுனாமி வீடு."

"ரிஸ்மியா, பிள்ளையைக் கொண்டுபோன ஆள் உங்களுடைய வீட்டிலேயே வந்து ஒளிவாரா? அவ்வளவு மடையரா?"

"மடத்தனமில்ல, மானம்" என்றேன்.

என் அரைகுறை ஆங்கிலத்தில் அன்றைக்கு எங்கள் ஊரையே அவருக்கு அவிழ்த்துக் காட்டினேன். ராத்தா வீடு என்றால், மச்சான் வெளிநாட்டில் இருந்தாலும் அது அவருடைய ராச்சியம். ஒரு கிழமை மரியாதை, இரண்டாங் கிழமை தொலைபேசியில் மச்சானின் குரல் மாறிவிடும். கூட்டாளி வீடு கூட்டாளியின் பொஞ்சாதிக்குச் சொந்தம், அங்கே ஒரு பெண்பிள்ளையோடு வேற்று ஆம்பிளை எத்தனை நாள் இருக்க ஏலும்? கல்முனை ஆம்பிளை ஒருவர் தலை நிமிர்ந்து, சாறனை மடித்துக் கட்டி, கதிரையில் சாய்ந்து இருக்கக்கூடிய ஒரே வீடு பொஞ்சாதி வீடு. அந்த வீட்டின் உறுதியும் அவர் பெயரில் இருக்கிறது, தன்னுடையதென்று நம்பிக்கொண்டிருக்கிறார். மாரி மழை தொடங்கட்டும், வந்துவிடுவார்.

ஜேன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு எழுத்தும் விடாமல் கொழும்புக்கு அனுப்பினார்.

கொழும்பில் என் வழக்கைப் பார்த்த அரச சட்டத்தரணி கண்டியைச் சேர்ந்த சிங்களப் பெண். ஒரு நாள் அவரே நேரடியாக எடுத்தார். தமிழ் மெதுவாகத்தான் வரும், ஆனால் தமிழில்தான் கதைத்தார்.

"உங்கட கடிதம் வாசிச்சேன். கந்தோர்ல எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல்ல. எங்கட பக்கமும் 'பின்ன' எண்டு சொல்ற ஒரு கலியாணம் இருக்கு. மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வாறது. அவர் குடையும் தீப்பந்தமும் எப்பவும் கதவுக்குப் பக்கத்தில வெச்சிருக்கணும் எண்டு எங்க ஆக்கள் சொல்லுவாங்க. எந்த நேரம் வெளிய போகச் சொல்லுவாங்களோ தெரியாதுதானே."

மகள் போனதற்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சட்டப் புத்தகம் எனக்குத் தெரியாது. ஆனால் என் ஊரின் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஒருத்தி கொழும்பில் இருக்கிறா என்று தெரிந்ததும் முதல் தடவையாக நல்ல நித்திரை வந்தது.

6

உம்மாவின் தங்கச்சி ஹாஜறா சாச்சிக்கும் அதே திட்டத்தில்தான் வீடு, என் வீட்டுக்குப் பின்பக்க ஒழுங்கை. கல்முனையில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் நான் வேலையில் நிற்கும்போது எடுத்தா.

"புள்ள, உண்ட வீட்டு யன்னல் திறந்திரிக்கி."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"விறாந்தைக் கொடியில சின்னப் புள்ளட யூனிபோம் காயுது."

முதியோர் இல்லத்து நடையில் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் நின்று, என்ன செய்கிறதென்று தெரியாமல் என் தலையைத் தடவினார்.

"சாச்சி, நீங்க ஒண்டும் கேக்காதீங்க. சண்டைக்குப் போகாதீங்க. அவர் கிளம்பிருவார்."

"நான் ஏன் போறன்? சோறும் புளியாணமும் கொண்டுபோய்க் குடுத்தன். புள்ள நல்லாத் திண்டிச்சி. மருமகன் கோப்பையக் கழுவித் தந்தாரு."

என் சாச்சியைப் போல ஒரு உளவுகாரியை எந்த அரசாங்கமும் சம்பளத்துக்கு வைத்திருக்காது. பொலிஸும் நீதிமன்ற ஆளும் வந்து சேரும் வரைக்கும் அவ ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொண்டுபோனா. வேறு வீடுகளில் ஒவ்வொரு சோற்றுக்கும் முகம் பார்த்துப் பார்த்துக் களைத்த மனிசன், இங்கே கேட்காமலே தட்டு வந்ததும் அப்படியே இருந்துவிட்டார். பொஞ்சாதியின் சாச்சி மருமகனுக்குச் சோறு கொண்டு வருவதில் என்ன சந்தேகம் வரும்? அது எங்கள் வழக்கம்தானே.

அவர்கள் கதவைத் தட்டியபோது அஸ்மி குடையோடு நின்றாராம், மின்ஹாவைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக. கண்டிச் சட்டத்தரணி இதை எனக்குச் சொல்லும்போது குடையில் வந்து ஒருக்கா நிறுத்தினார். ஒருவரும் அவரை இழுத்துப் பறிக்கவில்லை. இரண்டு பாஸ்போட்டையும் வாங்கிக்கொண்டு, கொழும்பில் வழக்குக்கு வரச் சொல்லி அறிவித்தல் கொடுத்துப்போட்டுப் போனார்கள்.

7

வழக்கு நாளைக்கு நான் கொழும்புக்குப் போனேன். அஸ்மி மற்றப் பக்கத்தில், மெலிந்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. மின்ஹாவை வெளியே ஒரு அறையில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். ஒரு சுவர்தான் இடையில். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவருடைய சட்டத்தரணி நன்றாகத்தான் கதைத்தார். பிள்ளை இங்கே வேரூன்றிவிட்டது, பள்ளிக்கூடம் போகிறது, தாய்மொழி கதைக்கிறது, தகப்பனுக்கு அரசாங்கமே கொடுத்த சொந்த வீடு இருக்கிறது, தாய் லெஸ்டரில் வாடகைக்கு இருக்கிறா. கேட்கக் கேட்க எனக்கே என் பக்கம் மெலிவதுபோல இருந்தது. பிள்ளை எப்படிச் சந்தோசமாக இருக்கிறது என்று சொல்வதற்கு அவர் தன் ராத்தாவைக் கூப்பிட்டிருந்தார்.

ஜெஸீமா மதினி சாய்ந்தமருதிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்போடு எழும்பினா. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டா. பிள்ளை நல்லா இரிக்கி, நல்லா வளத்தான், பொய் சொல்லக்கூடாது என்றா. அஸ்மியின் முகம் விரிந்தது. பிறகு அவவே, ஒருவரும் கேட்காமல், தொடர்ந்தா.

"ஆனா ஐயா, வீடு இவண்ட எண்டு இந்த லோயர் மாத்தயா சொன்னது பிழ. அது ரிஸ்மியாட சீதன வீடு. அவட வாப்பா வயல வித்துக் கட்டின வீட்டக் கடல் கொண்டு பெய்த்து, அதுக்குப் பதிலாத் தந்த வீடு. பேரு இவண்ட பேரா இரிக்கலாம். வீடு அவடதான். புள்ளையும் அவட குடி."

மொழிபெயர்ப்பாளர் அதை நீதிபதிக்குச் சொல்லி முடித்தார். "ராத்தா" என்றார் அஸ்மி, மெல்ல.

"சும்மா இரி தம்பி. எனக்கு மூணு குமர் இரிக்கி. மனிசன் வெளிநாட்டில கிடந்து ஒவ்வொரு கல்லாச் சேர்த்து வீடு கட்டுறார். இண்டைக்கு நான் உண்ட பேர்ல எழுதினது சரி எண்டு சொன்னா, நாளைக்கு என்ட மூணு பேருக்கும் வாற மாப்பிளமார் இதத்தானே செய்வானுகள்? உனக்காக நான் என்ட புள்ளைகளத் தெருவில விடுறதா?"

நீதிபதிக்கு இது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "அப்படியென்றால் உங்கள் தம்பிக்கு எங்கே வீடு?" என்று கேட்டார்.

மதினி என் பக்கம் கையைக் காட்டினா. "அந்தா இரிக்கிறா. ஊரில ஆம்புளைக்கு வேற வீடில்ல ஐயா."

கண்டிச் சட்டத்தரணி பிறகு எனக்கு விளக்கினார், சட்டப்படி வீட்டு விசயம் ஒரு விசயமே இல்லையாம். பிள்ளை எங்கே வாழ்ந்தது, தாயின் சம்மதமில்லாமல் தங்கவைத்தாரா, இவ்வளவுதான் கேள்வி. இருக்கட்டும். நான் அஸ்மியின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மதினி திரும்பக் கதிரையில் இருந்ததற்குப் பிறகு அவர் ஒருதரமும் தலை நிமிரவில்லை. அவருடைய சட்டத்தரணியும் வீட்டைப் பற்றிப் பிறகு வாய் திறக்கவில்லை.

கட்டளை வாசித்தார்கள். பிள்ளை அது வாழ்ந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும், தாயோடு. தகப்பன் கிழமைக்குக் கிழமை கதைக்கலாம். நான் வென்றேன். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு முதியோர் இல்லத்து வேலைக்காரி இரண்டு அரசாங்கங்களை எழுப்பி நடக்கவைத்து, தன் பிள்ளையை முன்வாசலால் வாங்கினாள்.

வெளியே வந்து மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "இனி அவர் உங்களோட கதைக்கமாட்டார் மதினி."

"கதைப்பான்" என்றா. "பெருநாளைக்கு எங்க போவான்?"

8

மின்ஹாவைக் கொண்டுவந்தார்கள். தலைக்கு எண்ணெய் தடவி இரட்டைப் பின்னல், காலில் பாட்டாச் செருப்பு, மேல் கறுத்திருந்தாள். என்ன கதைக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஓடி வரவில்லை. கோபம்.

"எங்க உம்மா பெய்த்திருந்த இவ்வளவு நாளும்?"

அவள் என்னோடு கதைத்த முதல் முழுத் தமிழ் அதுதான், தனிக் கல்முனைத் தமிழ்.

"உன்னத் தேடிக்கிட்டு இரிந்தன் மகள்."

"நான் நம்மட வீட்டதானே இரிந்தன்" என்றாள். அதற்குப் பிறகுதான் வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அஸ்மி அவளுடைய பையைக் கொண்டுவந்து தந்தார். மஞ்சள் தொப்பி அதற்குள் மடித்து இருந்தது. "சீப்பால தல இழுக்கக்குள்ள மெதுவா" என்றார் என்னிடம். "காதுக்குப் பின்னால சின்னப் புண் ஒண்டு." அவ்வளவுதான் கதைத்தார். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரத்தில் ஒரு பங்கு அந்த இடத்திலேயே கழன்றுபோனது, மீதியைப் பல வருசம் வைத்திருந்தேன்.

திரும்பி வருவதற்கு முன்னம் பிள்ளையோடு கல்முனைக்குப் போனேன். பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர் பழைய கேள்வியையே கேட்டார்: "குடும்பத் தலைவர் வரல்லையா?"

"வந்திரிக்கன்" என்றேன்.

கட்டளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பின்னால் பார்த்தார். சாச்சியும் அந்தத் திட்டத்து வேறு பெண்களும் எனக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்காக வந்திருந்தாள். உறுதியில் என் பெயர் ஏறக் காலமெடுத்தது, சம்மதக் கையெழுத்தை அஸ்மியே வந்து போட்டார். நான் கேட்கவில்லை. மதினி சொல்லியிருப்பா.

9

இங்கே மற்றப் பிள்ளைகளின் தமிழ் வருசத்துக்கு வருசம் கழன்று விழ, என் மகளுடையது ஊன்றி நின்றது. அதைக் கொடுத்தது அவளுடைய வாப்பாதான், இதையும் அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் வரும். அவளுக்குக் கோபம் வந்தால் கல்முனை வரும். அஸ்மி மறுகலியாணம் முடிக்கவில்லை, சம்மாந்துறையில் வாடகை அறையில் இருந்துகொண்டு படிப்பிக்கிறார்.

ஞாயிறு விருந்தாளிகள் போனதும் மின்ஹா அவருக்கு எடுத்தாள். திருச்சிக்காரர்கள் சிரித்துச் சிரித்தே கல்முனையில் நிக்காஹ் வைக்க ஒப்புக்கொண்டு போயிருந்தார்கள், மாடி அறையைப் பற்றிப் பிறகு ஒன்றும் பேசவில்லை. நான் குசினியில் கோப்பை கழுவினேன். தொலைபேசியை அவள் எனக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்திருந்தாள்.

"வாப்பா, எனக்குக் கலியாணம் சரிவந்திரிக்கி. நீங்கதான் ஒப்புக் குடுக்கோணும்."

மற்றப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அல்ஹம்துலில்லாஹ். எங்க மகள் வெக்கிற?"

"நம்மட வீட்ட. கல்முனையில."

"அது உம்மாட வீடு மகள்."

"இல்ல வாப்பா. போன வருசம் உம்மா என்ட பேருக்கு எழுதிட்டா. இப்ப என்ட வீடு."

பிறகு அவர் கேட்டார். என்னிடமிருந்து பிள்ளையைக் கொண்டுபோன மனிசன், அந்த வீட்டைத் தன்னுடையதென்று நீதிமன்றத்தில் சொன்ன மனிசன், பள்ளிக்கூடப் பிள்ளை கையை உயர்த்திக் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "அப்ப கலியாணத்துக்கு வந்தா நான் எங்க மகள் தங்குற?"

மின்ஹா குசினிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைத் திறந்துவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தேன். வீடு அவளுடையது, பதிலும் அவளுடையது.

"ஆம்புளைக்குக் கடைசியில மகள்ட வீடுதானே வாப்பா" என்றாள். "வாங்க, வந்து நம்மட வீட்ட இரிங்க. கலியாணம் முடிஞ்சி போகவும் தேவல்ல."

பிறகு சிரித்தாள். கண்டிச் சட்டத்தரணியின் குடைக் கதை அவளுக்கு நான் சொன்னதுதான்.

"குடையையும் கொண்டு வாங்க. ஆனா கதவடியில வெக்காதீங்க, உள்ளுக்கு அலுமாரில வெப்பம்."